பண்ணை வேலையில் முதுகு வருந்தாமற் குந்தும் முறைகள்

கொங்கு நாட்டுக் குடியானவருடைய வேலைகளிற் பெரும்பகுதி நிலத்தை ஒட்டியே நடைபெறுவதாகும். மஞ்சள் தோட்டத்திற் களையெடுத்தல், நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக் காய் ஆய்தல், சின்ன வெங்காயம் நடுதல், கட்டுத்தறியிற் சாணி வாருதல், விடியற்காலையிற் பால் கறத்தல், தேங்காய் பொறுக்குதல், மூட்டை தூக்குதல் ஆகிய இவை யாவும் குனிந்தோ குந்தியோ செய்யவேண்டியவை. எருதின் கழுத்தில் நுகத்தடி பட்டுப் புண் உண்டானால், அன்றைக்கே நுகத்தை இழைத்துச் சீர்செய்யாத குடியானவர் இல்லை. ஆனால் தம்முடைய இடுப்பும், தம்மிடம் வேலை செய்யும் ஆட்களுடைய இடுப்பும் நோகும்போது, அது வயது சென்றால் வருவதே என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். இது சரியன்று. நுகத்தின் அமைப்பினால் எருதுக்குப் புண் உண்டாவதுபோலவே, வேலை செய்யும் நிலையினால் மனிதருடைய முதுகுக்கும் கேடு உண்டாகிறது. நிலையை மாற்றினால் கேட்டைப் பெரிதும் குறைக்கலாம்.

வேலையினால் வரும் முதுகு வருத்தத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, பாரம் உடம்பை விட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. மற்றொன்று, முதுகு எவ்வளவு நேரம் நிமிராமல் வளைந்தே இருக்கிறது என்பது. முன்னது வேலை செய்பவருடைய கையில் உள்ளது. பின்னதோ பெரும்பாலும் வேலை வாங்குபவருடைய கையில் உள்ளது. ஆகவே இப்பாடம் இருவருக்கும் உரியது.

முதுகெலும்பின் அமைப்பு

இடுப்புப் பாகத்தில் ஐந்து பெரிய எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் மெத்தை போன்ற ஒரு வட்டு உண்டு. அதன் நடுவில் நீர்ப்பசையுள்ள மென்மையான பொருளும், சுற்றிலும் பிரிமணை போல் வளைந்து வளைந்து அமைந்த உறுதியான நார்களும் இருக்கின்றன. மனிதர் நிமிர்ந்து நிற்கும்போது பாரம் வட்டின் மேல் ஏறக்குறையச் சமமாக விழுகிறது. முதுகை வளைத்துக் குனியும்போது வட்டின் முன்பாகம் நசுங்கிப் பின்பாகத்து நார்கள் இழுபடுகின்றன. இவ்விதம் பல வருஷம் நேர்ந்தால், அந்நார்கள் சிறிது சிறிதாக விட்டுப்போய், நடுவிலுள்ள பொருள் பின்புறம் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பை அழுத்தக்கூடும். இடுப்பிலிருந்து பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை மின்னுவது போல் இழுக்கும் வலிக்கு இதுவே முக்கிய காரணமாகும்.

பாரத்தின் தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கடப்பாரையைக் கொண்டு எளிதில் அறியலாம். பாறையைப் பெயர்ப்பவர் பாறைக்கு அருகில் ஒரு சிறு கல்லை முட்டுக்கொடுத்து, கடப்பாரையின் நீண்ட முனையைத் தாம் பிடித்து அழுத்துகிறார். குறைந்த பலத்தினாற் பெரிய பாறை அசைகிறது. முதுகில் இந்த ஏற்பாடு தலைகீழாய் இருக்கிறது. பாரம் நீண்ட முனையிலும், அதைத் தாங்கும் தசை குறுகிய முனையிலும் அமைந்துள்ளன. முதுகுத் தசை முதுகெலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்திலேயே இழுக்கிறது. 25 கிலோ எடையுள்ள ஒரு கூடையை இடுப்பெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதைத் தாங்குவதற்குத் தசையானது சுமார் 250 கிலோ அளவுக்கு இழுக்கவேண்டியதாகிறது. அதே கூடையை 20 சென்டிமீட்டர் தூரத்தில் அணைத்துப் பிடித்தால் 100 கிலோ அளவு போதும். குனிந்திருக்கும் உடம்பின் சொந்தப் பாரம் இதற்குமேல் தனியாகச் சேரும். தசை இழுக்கும் இந்த அளவெல்லாம் வட்டின்மேல் அழுத்தமாக விழுகிறது.

இது வெறும் கணக்கன்று. 1999-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து உல்ம் நகர ஆராய்ச்சியாளர்கள், தாமாக முன்வந்த ஆரோக்கியமான ஒருவருடைய இடுப்பு வட்டினுள் நுண்ணிய கருவியொன்றைச் செலுத்தி, பல நிலைகளில் உண்டாகும் அழுத்தத்தை அளந்து வெளியிட்டார்கள். மெகாபாஸ்கல் என்னும் அளவில், நிமிர்ந்து நிற்கையில் அழுத்தம் 0.5 ஆக இருந்தது. வெறுங்கையுடன் குனிந்து நிற்கையிலேயே 1.1 ஆயிற்று. 20 கிலோ பாரத்தை முதுகை வளைத்துத் தூக்குகையில் 2.3 வரை உயர்ந்தது. அதே பாரத்தை முழங்காலை மடக்கிக் குந்தித் தூக்குகையில் 1.7 ஆகக் குறைந்தது. தூக்கிய பாரத்தை உடம்போடு அணைத்து நிற்கையில் 1.1 ஆகவும், மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கையில் 1.8 ஆகவும் இருந்தது. ஒருவரிடம் மட்டும் செய்த அளவீடேயாயினும், மேற்கண்ட கணக்கோடு இது ஒத்திருக்கிறது.

குந்தினால் மட்டும் போதாது

முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும் என்னும் புத்திமதி பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டுக் குந்தியும் பயன் காணாதவர் உண்டு. காரணம் யாதெனில், பாரம் முழங்கால்களுக்கு முன்னே தள்ளி இருக்குமானால், குந்துபவருடைய முழங்காலே பாரத்துக்கும் உடம்புக்கும் இடையில் நின்று தூரத்தை அதிகப்படுத்திவிடுகிறது. அந்நிலையிற் குந்துவதும் குனிவதும் முதுகுக்கு ஏறக்குறைய ஒன்றேயாகும். முழங்காலுக்கும் வீண் வருத்தம் சேரும். பாரம் இரு கால்களுக்கும் நடுவில் வருமாறு குந்தினால்தான் அனுகூலம் உண்டு. ஆதலால் எந்தப் பொருளுக்கு எந்தக் குந்து ஏற்றது என்பதை அறிந்து செய்யவேண்டும்.

முதலில் இடுப்பை மடக்கும் விதத்தைப் பழகிக்கொள்வது நலம். நான்கடி நீளமுள்ள நேரான கம்பொன்றை முதுகின்மேல் நெடுக்காக வைத்து, பின்தலை, தோள்பட்டைகளின் நடுவிடம், பிட்டம் ஆகிய மூன்றிடங்களிலும் அது படுமாறு ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் கம்புக்கும் உடம்புக்கும் இடையே உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். இதுவே முதுகின் இயற்கை வளைவு. இப்போது பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலைச் சிறிது மடக்கி, மெதுவாகத் தாழவேண்டும். மூன்றிடங்களும் கம்பைவிட்டு விலகாதவரையில் வளைவு தொடைச்சந்தில் நிகழ்கிறது. ஏதேனும் ஓரிடம் விலகியவுடன் வளைவு முதுகுக்கு மாறிவிட்டது என்று அறியலாம். பாரத்தோடு தாழக்கூடிய ஆழம் அவ்வளவே. அதற்குக் கீழே உள்ள பொருளுக்கு வேறு வகைக் குந்தைக் கைக்கொள்ள வேண்டும்.

குந்தும் முறைகள்

1. விரிகாற் குந்து. கால்களைத் தோளகலத்துக்குமேல் விரித்து, பாத நுனிகளைச் சற்று வெளிப்புறம் திருப்பி, கூடை அல்லது சாக்கு இரு பாதங்களுக்கும் நடுவில் வருமாறு நின்று தாழ்தல். முழங்கால்கள் பாத நுனியின் திசையிலேயே செல்லவேண்டும், உட்புறம் சாயலாகாது. குதிகால் நிலத்தைவிட்டு எழக்கூடாது. சாணிக் கூடை, தக்காளிப் பெட்டி, தீவனச் சாக்கு ஆகிய ஒடுங்கிய பாரங்களுக்கு இது ஏற்றது.

2. முழங்காலூன்றிய குந்து. ஒரு பாதத்தைப் பாரத்தின் பக்கத்தில் முன்வைத்து, மற்றக் காலின் முழங்காலைத் தரையில் ஊன்றி, பாரத்தை முதலில் முன்தொடையின்மேல் ஏற்றி, அங்கிருந்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுதல். மூட்டையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றுவதைவிட, தொடையில் ஒரு படி நிறுத்தி ஏற்றுவதால் முதுகின் வருத்தம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கல், உரல், தண்ணீர்க் குடம், படுத்துக் கிடக்கும் கன்று ஆகியவற்றுக்கும் இதுவே தகுந்தது.

3. அணைப்புக் குந்து. பாரத்தை இரு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாழ்ந்து எழுதல். பாரம் முன்புறம் மார்பை ஒட்டி இருப்பதால் உடம்பு தானாகவே நிமிர்ந்து நிற்கிறது. பாரத்தை முதுகின்மேல் சுமந்து குந்துபவர் அதிகமாக முன்சாயவேண்டி நேர்கிறது. இக்காரணம்பற்றியே தேகப்பயிற்சி நிலையங்களிலும் இடுப்பு வலி உள்ளோர்க்கு, பளுவை முதுகில் ஏற்றாமல் மார்புக்கு முன் பிடித்துக் குந்துமாறு சொல்லிக்கொடுக்கிறார்கள். உரச் சாக்கை மேடையிலிருந்து எடுத்துத் தாழ்வான இடத்தில் வைப்பதற்கு இம்முறை உதவும்.

4. மணைக் குந்து. ஒரு சாண் உயரமுள்ள மணையின்மேல் உட்கார்ந்து வேலை செய்தல். முழுக் குந்தில் நெடுநேரம் இருக்கவேண்டிய வேலைகளாகிய பால் கறத்தல், கடலைக்காய் ஆய்தல், வெங்காயத் தாள் அறுத்தல் ஆகியவற்றுக்கு மணை மிகவும் சௌகரியமானது. உடம்பின் பாரம் மணைமேல் இறங்குவதால் முழங்காலும் இடுப்பும் ஒருங்கே இளைப்பாறுகின்றன. பாத்திரம் தொடைகளுக்கு நடுவில் இருக்கவேண்டும்; மாட்டின் மடிக்குக் கையை எட்டிநீட்டாமல், மணையையே அருகில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

5. குதிகால் உயர்த்திய குந்து. நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகியவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் கணுக்கால் இறுகியிருப்பதால், குந்தும்போது குதிகால் எழும்பி, உடம்பு பின்சாயாதிருக்க முதுகு கூனிவிடுகிறது. இவர்கள் குதிகாலின் கீழ் இரண்டு விரற்கடை கனமுள்ள பலகைத் துண்டை வைத்துக் குந்தினால் முதுகு நிமிர்வதைக் காணலாம். தோட்டத்திற் பாத்தி மேட்டைக் குதிகாலுக்கு முட்டாகக் கொண்டும் இதைச் செய்யலாம்.

6. ஒற்றைக்காற் சாய்வு. கீழே விழுந்த அரிவாள், ஒரு தேங்காய் முதலிய இலேசான பொருளை எடுப்பதற்கு முழுக் குந்து வேண்டியதில்லை. ஒரு கையால் மரத்தையோ தடியையோ பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னுக்கு நேராக நீட்டி, மற்றக் காலின் தொடைச்சந்தில் மடங்கி எடுக்கலாம். பின்னீட்டிய கால் முன்சாயும் உடம்புக்கு எதிரெடையாக நிற்பதால், முதுகு வளைவதில்லை. தென்னந்தோப்பிற் காய் பொறுக்குவோர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை குனிய நேர்வதால், அவர்களுக்கு இது மிகவும் பிரயோஜனமானது.

எம்முறையாயினும் பாரத்தோடு எழும்போது இடுப்பைத் திருகலாகாது. திசை மாறவேண்டின் பாதங்களை எடுத்துவைத்து உடம்பு முழுவதையும் திருப்பவேண்டும். வளைவும் திருகலும் ஒன்றுசேரும்போதுதான் வட்டின் நார்களுக்கு மிகுந்த கேடு உண்டாகிறது.

இம்முறைகளுக்கு வேண்டிய தொடைவலிமையை வீட்டிலேயே பெறலாம். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கைகளை ஊன்றாமல், மேற்கண்ட கம்பு முறையை நினைவிற்கொண்டு, பத்துமுறை எழுந்து உட்காருதல் போதுமானது. காலை மாலை இருவேளையும் செய்யலாம். பிள்ளையார் கோயிலிற் போடும் தோப்புக்கரணமும் நல்ல பயிற்சியே. ஆனால் வேகமாகப் போடாமல், முதுகின் இயற்கை வளைவு மாறாத ஆழம்வரையில் மட்டும் மெதுவாகத் தாழ்ந்து எழவேண்டும்.

களையெடுப்பும் கைப்பிடியின் நீளமும்

பாரம் தூக்குவது சில நிமிஷ வேலை. களையெடுப்பதோ நாள் முழுவதும் நீடிப்பது. கையளவு காம்புள்ள களைக்கொத்தைக் கொண்டு வேலை செய்பவர் எந்தக் குந்து முறையை அறிந்திருந்தபோதிலும், கருவியின் குட்டையே அவரைக் குனியவைத்துவிடுகிறது. இதற்கு மாற்று, கருவியை மாற்றுவதேயாகும்.

இவ்விஷயத்தில் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாகாணத்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. அங்கே கீரை, கிழங்குத் தோட்டங்களிற் செடி கலைத்துக் களையெடுக்கும் தொழிலாளருக்குக் காம்பு குட்டையான கொத்தே கொடுக்கப்பட்டு வந்தது. நீண்ட காம்பானால் பயிர் வெட்டுப்படும் என்பது பண்ணை முதலாளிகள் சொன்ன காரணம். நிமிர்ந்து நிற்பவர் எவர் என்பது மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்பது சொல்லாத காரணம் எனத் தொழிலாளர் கூறினர். அக்கருவியால் முதுகெலும்பு கெடுவதைப் பற்றி வைத்தியர்கள் சாட்சி சொல்ல, 1975-ஆம் வருஷத்தில் அம்மாகாண உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை அடுத்து அது விலக்கப்பட்டது. தோட்டங்கள் நீண்ட காம்புக் கொத்தோடு நடைபெறலாயின.

நம் மாகாணத்தில் இதற்கு வேண்டிய கருவிகள் இல்லாமலில்லை. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், நின்றபடியே முன்னும் பின்னும் தள்ளி இழுத்துக் களையறுக்கக்கூடிய நீண்ட கைப்பிடியுள்ள நட்சத்திரச் சக்கரக் களைக்கருவியை மானாவாரிப் பயிர்களுக்கென உருவாக்கியிருக்கிறது. நெல்லுக்கு, பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்த கோனோ களைக்கருவி ஏற்றது. கொடிவேரி அணையின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களைப் போன்ற பாசனங்களில் திருந்திய நெல் சாகுபடி செய்வோர், 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, குறுக்கும் நெடுக்கும் அக்கருவியை ஓட்டிக் களையைச் சேற்றில் அமுக்கிவிடலாம்.

இக்கருவிகள் பயன்பட வேண்டுமாயின் பயிர் வரிசையாக இருக்கவேண்டும். கைவிதைப்பாகத் தூவிய காட்டில் எந்தக் கருவியும் ஓடாது. குனிந்து கையாற் பறிப்பதே கதியாகும். ஆகவே களையெடுப்பவருடைய முதுகு விதைப்பு நாளன்றே பாதி தீர்மானமாகிவிடுகிறது என்று சொல்லலாம். வரிசை விதைப்பு என்பது விளைச்சலுக்கு மட்டுமன்றி ஆட்களின் உடம்புக்கும் வேண்டிய ஏற்பாடாகும். செடியின் தூரை ஒட்டிய களைக்குமட்டும் கை வேலை தேவைப்படும். அதை முழங்காலூன்றிய குந்தில், மடித்த சாக்கை முழங்காலுக்குக் கீழே இட்டு, கால் மாற்றிக் கால் மாற்றிச் செய்யலாம்.

நேரமும் ஓய்வும்

இரவிற் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கின்றன. ஆதலால் எழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்திற் குனிவது, பகலிற் குனிவதைக் காட்டிலும் வட்டின் நார்களை மிகுதியாக இழுக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நெடுநாளாக முதுகு வலி உடையவர்கள் காலையிற் குனிவதைத் தவிர்த்ததனால் வலி குறைந்ததாகக் கண்டனர். பண்ணையிலோ பால் கறத்தலும் சாணி வாருதலும் அந்நேரத்திலேயே வருகின்றன. ஆகவே எழுந்தவுடன் குனியாமல், மாடுகளை மாற்றிக் கட்டுதல், தட்டு போடுதல் முதலிய நின்றும் நடந்தும் செய்யும் வேலைகளை முதலில் முடித்து, பிறகு மணையிட்டுக் கறப்பதும், சாணிக்கு நீண்ட காம்புள்ள வாருகோலை உபயோகிப்பதும் நலம்.

இரண்டாவது, நெடுநேரம் குனிந்திருந்த முதுகு உடனே தன் நிலைக்குத் திரும்புவதில்லை. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் மெதுவாக நீண்டு தளர்ந்திருக்கும். இருபது நிமிஷம் முழுதும் குனிந்திருந்தவருக்கு, நிமிர்ந்த பின் இரண்டு நிமிஷத்தில் அத்தளர்ச்சியிற் பாதியளவே நீங்குவதாகக் கண்டிருக்கிறார்கள். தளர்ந்த முதுகோடு உடனே மூட்டை தூக்குவதே பல பேருக்கு இடுப்பு பிடித்துக்கொள்வதற்குக் காரணம். களையெடுத்துக்கொண்டிருந்தவரை அப்படியே வண்டியில் மூட்டை ஏற்ற அழைக்கலாகாது. சற்று நடக்கவிட்டு அழைக்கவேண்டும்.

களை வெட்டும் ஆட்கள் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றி, ஐந்தாறு முறை மெதுவாகப் பின்சாய்ந்து, பத்தடி நடப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். வரப்பில் நிற்கும் மேற்பார்வையாளர் இதைச் சோம்பலென்று எண்ணி அதட்டுவது உண்டு. அது பிழை. வரிசை முடியும்தோறும் களைகளைச் சுமந்து வரப்பிற் கொட்டிவருமாறு வேலையைப் பிரித்துக்கொடுத்தால், நிமிர்தலும் நடத்தலும் வேலையின் பகுதியாகவே அமைந்துவிடும்; அதட்டலுக்கு இடமிராது.

மூட்டையின் எடை

குந்தும் முறை எவ்வளவு சிறந்ததாயினும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. பாரம் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திருகலின்றித் தூக்கும் மிக நல்ல சூழ்நிலையிலும் 23 கிலோவே தகுந்த எல்லையென அமெரிக்க அரசாங்கத்தின் தொழிற்சுகாதார நிலையம் கணக்கிட்டிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இல் இயற்றிய உடன்படிக்கை, சுமப்போரின் ஆரோக்கியத்துக்குக் கேடு விளைக்கும் எடையைச் சுமத்தலாகாது என விதிக்கிறது. அதனோடு சேர்ந்த பரிந்துரை, வயதுவந்த ஆடவருக்கு 55 கிலோவை மேலெல்லையாகக் கூறுவதுடன், பெண்களுக்கு அதைவிட மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2010-இல் ஏற்றுக்கொண்டது. முன்பு 100 கிலோ சாக்குகளிற் கட்டப்பட்டுவந்த தானியம் 50 கிலோ சாக்குக்கு வந்திருப்பதும், 2018-இல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டதும் நன்மையே. ஆயினும் இவையும் ஒருவர் தரையிலிருந்து தனியே தூக்குவதற்கு உரியவை அல்ல.

ஆகவே, தோட்டத்துச் சாளையில் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல், முழங்காலுக்கு மேற்பட்ட உயரமுள்ள மேடையில் அடுக்குவது உத்தமம். மேடையிலிருந்து எடுப்பவருக்கு ஆழ்ந்த குந்தே தேவையில்லை. தரையில் உள்ள மூட்டையை இருவர் எதிரெதிரே விரிகாற் குந்தில் அமர்ந்து, ஒரே சொல்லில் எழவேண்டும். தோட்டத்துக்குள்ளேயே உபயோகிக்கும் எரு, விதை, தீவனங்களை அரைச் சாக்காகக் கட்டிக்கொள்ளத் தடை ஒன்றுமில்லை.

முழங்காலைப் பற்றிய எச்சரிக்கை

முதுகைக் காக்கும் பொருட்டு நாளெல்லாம் ஆழ்ந்து குந்தியிருப்பதும் தவறாகும். சீனத் தலைநகரான பீஜிங்கில் முதியோரைப் பரிசோதித்து 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இளமையில் தினந்தோறும் பல மணி நேரம் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் மூட்டுத் தேய்வு அதிகம் என்று காட்டிற்று. அன்றியும், முழங்காலுக்கு வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் ஒரு நரம்பு, நெடுநேரக் குந்தில் நசுங்கி, பாதத்தைத் தூக்கமுடியாமல் தொங்கவிடும் வியாதி உண்டு. மேல்நாடுகளில் ஸ்டிராபெரிப் பழம் பறிப்போரிடம் காணப்பட்டமையால் அப்பழத்தின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. கால் மரத்துப்போவதே முதல் அறிகுறி. மரத்தவுடன் எழுந்து நடக்கவேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் ஆழ்ந்த குந்தை விட்டு மணையையும் நீண்ட காம்புக் கருவியையும் கைக்கொள்வதே தகும்.

வைத்தியரை நாடவேண்டிய சமயம்

சாதாரண இடுப்புப் பிடிப்பு சில வாரங்களில் தணியும். அதற்காகப் பலநாள் படுக்கையிற் கிடப்பது நன்மையன்று. தாங்கக்கூடிய அளவு நடமாடுவதே விரைவிற் குணம் தரும். ஆனால் கால் பலமிழந்து தடுமாறினாலும், பிட்டத்தின் நடுப்பாகமும் தொடையின் உட்பாகமும் உணர்ச்சியற்றுப்போனாலும், சிறுநீரோ மலமோ அடக்கமுடியாமலோ கழியாமலோ போனாலும், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சுளுக்கு வழிப்பதிலும் நீவிவிடுவதிலும் அந்நாளைக் கழித்தால், நரம்பு மீளாமற்போகக்கூடும். கீழே விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோடு கூடிய வலி, காரணமின்றி உடம்பு மெலிவதோடு கூடிய வலி ஆகியவற்றையும் தாமதிக்கலாகாது.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யவேண்டியவை

நாட்கூலிக்கு வருபவர் தமக்கு இடுப்பு வலி என்று சொல்லத் தயங்குவர்; சொன்னால் மறுநாள் வேலைக்கு அழைக்கமாட்டார்களோ என்னும் அச்சமே காரணம். வலியை மறைத்து வேலை செய்பவர், ஒருநாள் எழமுடியாமற் படுத்துவிட்டால், அக்குடும்பம் கூலியை இழக்கிறது; களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்திற் பண்ணையும் கைதேர்ந்த ஓர் ஆளை இழக்கிறது. ஆகவே கேட்டறிவது நிலமுடையவருடைய கடமையாகும். வலி உள்ளவருக்கு அன்றைய கூலியைக் குறைக்காமல், நின்று செய்யும் வேலையையோ மணைமேலிருந்து செய்யும் வேலையையோ மாற்றிக்கொடுக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், வேளாண்மை விரிவாக்க மையத்தின் உதவியோடு, கம்பு வைத்துக் குந்தும் பயிற்சியையும் நீண்ட கைப்பிடிக் கருவிகளையும் ஊர்ப் பொதுவிடத்தில் ஒருமுறை செய்துகாட்டச் செய்யலாம். ஊராட்சி வேலைகளில் மண் சுமப்போருக்குக் கூடையின் அளவைக் குறைத்துக்கொடுப்பதும் அவர்களால் ஆகக்கூடியதே.

வரும் பட்டத்துக்கு முன்பாக ஒவ்வொரு பண்ணையிலும், களைக்கருவிகளின் காம்பு நீளமும், மூட்டை அடுக்கும் இடத்தின் உயரமும், கறவைக்கு மணை உண்டா என்பதும் பார்வையிடப்படுவது அவசியம். இம்மூன்றையும் சீர்செய்யச் செல்லும் செலவு ஒரு நாளைய ஆட்கூலியை அதிகம் மிஞ்சாது. ஏரையும் நுகத்தையும் செப்பனிடும் நாளிலேயே இவற்றையும் செப்பனிட்டு வைத்துக்கொள்வார்களாக.